கருவிக்குள் வைத்த காவல்

ஒடிசாவின் தால்சேர்ச் சுரங்கங்களில் வெட்டியெடுத்த நிலக்கரி, பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி, வங்கக் கடலோரமாகவே தெற்கே வந்து, 2001-ஆம் ஆண்டு திறக்கப்பெற்று இன்று காமராஜர் பெயரைத் தாங்கி நிற்கும் எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து கன்வேயர் பட்டைகளின்மேல் ஊர்ந்து அத்திப்பட்டிலுள்ள வட சென்னை அனல் மின் நிலையத்தின் கொதிகலன்களை அடைகிறது. 1994-ஆம் ஆண்டு முதல் அங்கே மின்சாரம் உற்பத்தியாகி வருகிறது. கும்மிடிப்பூண்டி மார்க்கத்து ரயிலில் தினந்தோறும் போய் வருகிறவர்கள் அதன் புகைபோக்கிகளைப் பார்த்தே ஊர் வந்துவிட்டதென்று அறிந்துகொள்வார்கள்.

அத்தகைய கொதிகலனைப் பற்றவைப்பதில் உலகெங்கும் ஒரு நியதி அனுஷ்டிக்கப்படுகிறது. அணைந்து கிடக்கும் உலைக்குள் எரியாத எரிபொருளின் ஆவி தங்கியிருக்கலாம். அது தெரியாமல் நெருப்பை வைத்தால் உலையே வெடித்துப் போகக்கூடும். ஆகையால் முதலில் பெரிய விசிறிகளை ஓட்டி, குறைந்தபட்சம் ஐந்து நிமிஷமாவது உலைக்குள் காற்றைப் பாய்ச்சி, உள்ளே இருப்பதையெல்லாம் வெளியேற்ற வேண்டும். இதைத் தொழிலாளர்கள் 'பர்ஜ்' என்பார்கள். பர்ஜ் முடிவதற்கு முன் எவ்வளவு அனுபவசாலியான ஆபரேட்டர் எத்தனை அவசரத்தில் பொத்தானை அழுத்தினாலும் பர்னருக்கு எரிபொருள் போகாது. வழியிலுள்ள வால்வு திறக்கவே திறக்காது. இந்த ஏற்பாட்டுக்கு 'இன்டர்லாக்' என்று பெயர். களைத்துப் போன மனிதன் இரவு மூன்று மணிக்கு என்ன செய்வான் என்பதை முன்கூட்டியே யோசித்து, அவன் செய்யக் கூடாததைச் செய்ய முடியாததாகவே ஆக்கிவைத்த கருணையான ஏற்பாடு அது.

இரும்பாலும் நெருப்பாலும் ஆன யந்திரங்களைப் பொறுத்தமட்டில் நூறு ஆண்டுகளாக நாம் ஏற்றுக்கொண்டுவிட்ட இந்த விவேகம், அந்த யந்திரங்களை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம்களை எழுதும் தொழிலில் மட்டும் வெகு காலம் வரையில் பரவாமல் போனது ஏன் என்பதும், இப்போது அது எவ்விதம் பரவி வருகிறது என்பதும், புரோகிராம் எழுதுகிறவர்கள் மட்டுமே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுடைய கருவிகளில் உள்ள குறை, நம்முடைய துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் விமான நிலையத்திலும் வந்து முட்டுகிறது.

2017-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு மே மாதம் 12-ஆம் தேதி 'வானாக்ரை' என்ற கொள்ளை மென்பொருள் உலகெங்கும் பரவியபோது, சென்னையை அடுத்த ஒரகடத்திலுள்ள ரெனோ-நிசான் கார்த் தொழிற்சாலையின் வேலையும் தடைப்பட்டது. அந்தத் தொழிற்சாலையில் உருவான நிசான் கார்கள் 2010 முதல் வெளிநாட்டுக்குக் கப்பலேறி வந்தது இதே எண்ணூர்த் துறைமுகத்தில்தான். ஜூன் 27-ஆம் தேதி அதைவிடக் கொடிய 'நாட்பெட்யா' கிளம்பிற்று. மெர்ஸ்க் என்னும் டென்மார்க் தேசத்துக் கப்பல் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் ஒரே நாளில் முடங்க, அந்தக் குழுமத்தின் கையிலிருந்த மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுக முனையம் ஒன்றும் ஸ்தம்பித்து நின்றது. கன்டெய்னர்கள் யாருடையவை, எங்கே போக வேண்டியவை என்பதைச் சொல்லும் புத்தி அந்தத் துறைமுகத்துக்கு இல்லாமற் போயிற்று. மெர்ஸ்க் தனக்கு 25 கோடி முதல் 30 கோடி டாலர் வரையில் நஷ்டம் என்று கணக்கிட்டது.

வானாக்ரையும் நாட்பெட்யாவும் விண்டோஸுக்குள் நுழைவதற்குப் பயன்படுத்திய வழிகளில் ஒன்று 'இடர்னல்புளூ'. அமெரிக்க உளவு ஸ்தாபனம் ஒன்று இரகசியமாக வைத்திருந்து களவுபோன உபாயம் அது. அதன் வேர், கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிர்ந்துகொள்வதற்கான புரோகிராமில் யாரோ ஒருவர் என்றோ எழுதிய ஒரு சிறு கணக்குத் தவறு. இதைச் சற்றே நின்று பார்க்க வேண்டும். ஏனெனில் விஷயம் முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது.

கம்ப்யூட்டரின் நினைவகத்தில் எண்களை எழுதிவைக்கும் இடங்கள் வெவ்வேறு அகலமுள்ளவை. 16 பிட் அகலமுள்ள இடத்தில் 65,535 வரையில்தான் எழுதலாம். 32 பிட் இடத்தில் 400 கோடிக்கு மேலும் எழுதலாம். அந்தப் புரோகிராமில் ஒரு பட்டியலின் நீளம் 32 பிட் இடத்தில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் பட்டியலில் ஒழுங்கற்ற பகுதியை நீக்கிவிட்டு நீளத்தைத் திருத்தும்போது, அந்த இடத்தை 16 பிட் இடமாகவே பாவித்து, கீழ்ப்பாதியை மாத்திரம் மாற்றி எழுதினார்கள். உதாரணமாக, நீளம் 65,536 என்று இருந்து, அதை 65,373 ஆகக் குறைக்க வேண்டும் என்று கொள்வோம். கீழ்ப்பாதியில் 65,373 எழுதப்படுகிறது; மேற்பாதியில் முன்பே இருந்த 65,536 அழியாமல் நிற்கிறது. இரண்டும் சேர்ந்து 1,30,909 ஆகிவிடுகிறது. சுருங்க வேண்டிய அளவு ஏறக்குறைய இரு மடங்காய்ப் பெருகிவிட்டது! புரோகிராமோ அந்த அளவை மெய்யென்று நம்பி, சிறிய இடத்தில் பெரிய சரக்கைக் கொட்டுகிறது. அது வழிந்து பக்கத்தில் இருப்பவற்றின்மேல் விழுகிறது. எதன்மேல் எது விழ வேண்டும் என்பதைத் திட்டமிட்டு அனுப்பத் தெரிந்த விஷமி, தன்னுடைய கட்டளைகளையே அங்கே எழுதிவிடுகிறான்.

புரோகிராமர் எழுதுவதை யந்திரம் அறியும் வடிவத்துக்கு மாற்றித் தருவது கம்பைலர். மேற்கண்ட தவறை எழுதியபோது கம்பைலர் ஏன் தடுக்கவில்லை? தடுக்கும் கடமை அதற்கு விதிக்கப்படவே இல்லை என்பதுதான் பதில். ஓர் அகலமுள்ள எண்ணை வேறோர் அகலமுள்ளதாகப் பாவிக்கவும், நினைவகத்தின் எந்த முகவரியையும் 'பாயின்டர்' என்ற உருவில் கையிலெடுத்துக்கொண்டு விரும்பிய இடத்துக்கு நகரவும், வரிசை ஒன்றில் பத்து இடங்களே இருக்கப் பதினோராவதைத் தொடவும், அந்தப் புரோகிராம் எழுதப்பட்ட சி பாஷை அனுமதிக்கிறது.

இதற்காக அந்தப் பாஷையை உண்டாக்கியவரைக் குறை கூறுவது நியாயமாகாது. 1970-களின் துவக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் டென்னிஸ் ரிச்சி சியை அமைத்தபோது, ஒரு கம்ப்யூட்டரின் முழு நினைவகமும் இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்குக்கூடப் போதாது. ஒவ்வொரு தடவையும் எல்லையைச் சோதித்துப் பார்ப்பது கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று தோன்றிய காலம் அது. எழுதுகிறவர்களும் ஒரே கட்டடத்தில் உட்கார்ந்திருந்த சில மேதைகள். ஆனால் அவர்களுக்காகச் செய்த கூர்மையான கருவி, உலகத்திலுள்ள லட்சக்கணக்கான பேர்களின் கையில் போய், வங்கிகளையும் மருத்துவமனைகளையும் துறைமுகங்களையும் தாங்கும் புரோகிராம்களை எழுதப் பயன்பட்டது. தன்னுடைய மென்பொருள்களில் ஆண்டுதோறும் திருத்தும் பாதுகாப்புக் குறைகளில் நூற்றுக்கு 70 நினைவகத்தைத் தவறாகக் கையாளுவதால் விளைந்தவை என்று மைக்ரோசாப்ட் ஸ்தாபனமே 2019-இல் வெளியிட்டது. மிகுந்த திறமைசாலிகளைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டிருக்கும் இடத்திலேயே இந்த நிலை என்றால், 'இன்னும் ஜாக்கிரதையாக எழுதுங்கள்' என்ற உபதேசத்தினால் பயனில்லை என்பது ருசுவாகிவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

வேறு வழி அக்காலத்திலேயே தெரியாமலில்லை. இங்கிலாந்தில் எலியட் சகோதரர்கள் கம்பெனியில் வேலை பார்த்த டோனி ஹோர், 1960-களின் ஆரம்பத்தில் அல்கால் 60 பாஷைக்குக் கம்பைலர் அமைத்தபோது, வரிசையின் எந்த இடத்தைத் தொட்டாலும் அது எல்லைக்குள் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் யந்திரமே சோதிக்கும்படி ஏற்பாடு செய்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, வேகம் வேண்டுமானால் இந்தச் சோதனையை நிறுத்திவைக்க வசதி செய்து தரலாமா என்று வாடிக்கைக்காரர்களைக் கேட்டபோது, அவர்கள் ஒருமுகமாக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அந்தச் சோதனையில் எத்தனை பிழைகள் அகப்படுகின்றன என்பதைக் கண்கூடாகப் பார்த்தவர்கள் அவர்கள். 1980-இல் டூரிங் பரிசு பெற்றபோது ஹோர் இதை எடுத்துச் சொன்னார். அவர் சொன்னதற்குப் பிறகும் நாற்பது ஆண்டு காலம் பெரும்பான்மையான அடித்தள மென்பொருள்கள் அந்தக் காவல் இல்லாமலேயே எழுதப்பட்டு வந்தன என்பது வருத்தத்துக்குரிய சரித்திரம்.

பாஷையில் காவல் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவும் நான் துணிய மாட்டேன். 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி ஐரோப்பியர்களின் ஏரியன் 5 ராக்கெட் தன் முதற் பயணத்தில் ஏறக்குறைய 40 விநாடிகளில் சிதறிப் போயிற்று. அதிலிருந்த மென்பொருள் 'அடா' என்ற கண்டிப்பான பாஷையில் எழுதப்பட்டது. அங்கேயும் அகலத் தவறுதான்: 64 பிட் அகலமுள்ள ஓர் எண்ணை 16 பிட் இடத்தில் அடைக்கப் பார்த்தார்கள். அடா தன் கடமையைச் செய்து, எண் கொள்ளவில்லை என்று கூவிற்று. ஆனால் முந்திய ஏரியன் 4-இன் பாதையில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வராது என்ற நம்பிக்கையில், கம்ப்யூட்டரின் பளுவைக் குறைக்கும்பொருட்டு, ஏழு எண்களில் நான்குக்கு மட்டும் பந்தோபஸ்து செய்து மூன்றை அப்படியே விட்டிருந்தார்கள். அந்த மூன்றில் ஒன்று மீறியபோது, கூவலைத் தனியே சமாளிக்க யாரும் ஏற்பாடு எழுதிவைக்காததால், பிழை கண்டால் நின்றுவிடுவது என்ற பொது விதிப்படி, திசை காட்டும் கம்ப்யூட்டர்கள் இரண்டும் வேலையை நிறுத்திக்கொண்டன.

2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி நடந்ததும் இதற்கு உறவுடையதே. கிரவுட்ஸ்டிரைக் கம்பெனியின் காவல் மென்பொருளின் ஒரு பகுதி, 20 இடங்களே உள்ள வரிசையில் 21-ஆவதைப் படிக்கப் போய், உலகில் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன; நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்; சென்னையிலும் விமானங்கள் தாமதப்பட்டன. எல்லையைச் சோதிக்கும் பாஷையாக இருந்தாலும், 21-ஆவது இடம் இல்லை என்று தெரிந்தவுடன் என்ன செய்வது என்று எழுதாமல் விட்டிருந்தால், புரோகிராம் அங்கேயும் நின்றுதான் போயிருக்கும். ஆனால் பிழை ஒளிந்துகொண்டு காலம் தள்ளுவதற்கும், இன்ன இடத்தில் இன்ன தவறு என்று பரீட்சைக் கட்டத்திலேயே வெளிப்பட்டுவிடுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

அப்பால் வந்த பாஷைகளில் பல, நினைவகத்தை நிர்வகிக்கும் பொறுப்பைப் புரோகிராமரிடமிருந்து வாங்கிக்கொண்டன. ஜாவாவும் பைத்தானும் அப்படிப்பட்டவை. ஆனால் அவை ஓடும்போது, இனி வேண்டாத இடங்களைத் திரட்டிக் காலி செய்யும் வேலையும் கூடவே நடப்பதால், ஒரு கணமும் பிசகக் கூடாத யந்திரங்களுக்கும், நினைவகம் சுருக்கமாயுள்ள சிறு கருவிகளுக்கும் ஒத்துவருவதில்லை. இந்த இடைவெளியில் பிறந்தது ரஸ்ட். கனடாவின் வான்கூவர் நகரத்தில் இருபத்தோராவது மாடியில் வசித்த கிரேடன் ஹோர் என்ற எஞ்சினீயர், 2006-ஆம் ஆண்டு ஒரு நாள் வீட்டுக்குத் திரும்பியபோது, லிப்டின் மென்பொருள் விழுந்து லிப்ட் நின்றுபோயிருக்கக் கண்டு, அத்தனை மாடியையும் ஏறிக்கொண்டே, ஒரு லிப்டைக்கூட விழாமல் ஓட்டும்படி நம்மால் எழுத முடியவில்லையே என்று நொந்துகொண்டாராம். அவர் தனியே தொடங்கிய முயற்சியை மோசில்லா ஸ்தாபனம் ஆதரித்தது. 2015-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நிலையான பதிப்பு வந்தது.

ரஸ்டின் சூட்சுமத்தை இப்படிச் சொல்லலாம். நினைவகத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு காலத்தில் ஒரே சொந்தக்காரர். அவருடைய அதிகாரம் முடிந்தவுடன் இடம் காலியாகிவிடும். மற்றவர்கள் இரவலாகப் பார்க்கலாம். எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரே சமயத்தில் படிக்கலாம். ஆனால் ஒருவர் மாற்றி எழுதும்போது வேறெவரும் அதைத் தொடக் கூடாது. இந்த விதிகள் மீறப்படுகின்றனவா என்பதைப் புரோகிராம் ஓடுவதற்கு முன்பே, கம்பைலர் உட்கார்ந்து பார்த்துவிடுகிறது. மீறினால் உருமாற்றித் தர மறுக்கிறது. பர்ஜ் முடியாமல் திறக்காத வால்வைப் போன்ற பிடிவாதம் அது. வரிசையின் எல்லைச் சோதனையைப் பெரும்பாலும் ஓடும்போது செய்கிறது. எண்ணின் அகலத்தை மாற்றுவதானால் வெளிப்படையாக எழுதச் சொல்லிக் கேட்கிறது. இதற்கு விலை உண்டு. புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் பல வாரங்கள் கம்பைலரோடு மன்றாட வேண்டியிருக்கும். அடிமட்டத்து வன்பொருளைத் தொடும் இடங்களில் காவலைத் தளர்த்தி எழுதவும் இடம் விட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த இடங்கள் அடையாளமிடப்பட்டிருப்பதால், பரிசோதிப்பவர் எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்பது தெரிகிறது.

அனல் மின் நிலையங்களிலும் துறைமுகத்துக் கன்வேயர்களிலும் வேலை பார்க்கும் மின் பொறியாளர்களுக்கு இவ்வித அடக்கம் புதிதல்ல. அவர்கள் பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு எழுதுவது 'லேடர்'. பழைய ரிலேச் சுற்றுகளின் வரைபடத்தைப் போலவே தோன்றும் அதற்கு ஐ.இ.சி. 61131 என்ற சர்வதேச நியமம் உண்டு. நினைவகத்தின் முகவரியைப் பிடித்துக்கொண்டு எங்கும் உலாவும் சுதந்திரம் லேடர் வரைபடத்தில் கிடையாது. உள்ளே வரும் சமிக்ஞைகளைப் படித்து, வரிகளை மேலிருந்து கீழாக ஒரு முறை கணக்கிட்டு, வெளியே கட்டளை அனுப்பி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவது அதன் தினசரித் தொழில். ஒரு சுற்று குறித்த நேரத்துக்குள் முடியாவிட்டால் காவல் கடிகாரம் ஒன்று குறுக்கிட்டு நிறுத்திவிடும். பாஷையின் சக்தியைக் குறைத்ததனாலேயே அபாயமும் குறைந்தது. ஆனால் அந்தக் கருவியின் அடியிலேயே ஓடும் மென்பொருள் பெரும்பாலும் சியில் எழுதப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது.

அவ்வாறு உலகமெங்கும் மலைபோல் குவிந்துவிட்ட சி புரோகிராம்களை என்ன செய்வது? இந்தக் கேள்விக்குச் சென்னையிலேயே ஓர் அருமையான விடை முயலப்பட்டிருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் காமகோடி அவர்களின் தலைமையில் 'சக்தி' என்ற உள்நாட்டு பிராசசர்கள் உருவாகி, 2018-இல் சிப்பாகவும் வார்க்கப்பட்டன. அதே குழுவினர் செஸ்டர் ரிபெய்ரோ முதலியவர்களுடன் சேர்ந்து 2019-இல் 'சக்தி-எம்.எஸ்.' என்ற பிராசசரைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சி பாஷையை மாற்றச் சொல்லாமல், ஒவ்வொரு பாயின்டரோடும் அது தொடக்கூடிய இடத்தின் ஆரம்பம் எது, முடிவு எது, அந்த இடம் இன்னும் உயிரோடிருக்கிறதா என்ற விவரங்களைக் கம்பைலர் இணைத்து அனுப்ப, தொடும் ஒவ்வொரு தடவையும் பிராசசரே அவற்றை ஒத்துப் பார்த்து, மீறினால் நிறுத்திவிடுவது இதன் யுக்தி. எல்லை தாண்டுவதும் அகப்படும். காலி செய்த இடத்தை மறுபடி தொடுவதும் அகப்படும். பழைய புரோகிராமைப் புதிய பாஷையில் எழுத ஆளும் பணமும் இல்லாத நம்மைப் போன்ற நாட்டுக்கு இது மிகவும் பொருத்தமான ஆராய்ச்சி என்பது என் அபிப்பிராயம். இதைப் பற்றித் தமிழ்நாட்டிலேயே அதிகமாகப் பேசப்படாதது எனக்கு ஆதங்கம்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகிக்கு, ஆண்ட்ராய்டின் அனுபவம் பெரிய ஆறுதல். அதை நடத்தும் கூகுள், பழைய சி புரோகிராம்களைத் தோண்டி எடுத்து மாற்றிக்கொண்டிருக்காமல், புதிதாக எழுதுவதில் பெரும்பகுதியைப் பாதுகாப்பான பாஷைகளில் எழுதுவது என்று தீர்மானித்தது. 2019-இல் ஆண்ட்ராய்டின் பாதுகாப்புக் குறைகளில் நூற்றுக்கு 76 நினைவகத் தவறுகளாக இருந்தது, 2024-இல் 24 ஆகக் குறைந்துவிட்டது. காரணம், பிழைகள் பெரும்பாலும் புதிய எழுத்தில்தான் இருக்கின்றன. பழைய எழுத்து பல கண்கள் பார்த்துப் பல கைகள் திருத்திப் பக்குவப்பட்டுப் போகிறது. ஆகவே அம்பத்தூரிலோ திருவொற்றியூரிலோ இருக்கும் ஒரு சிறு கம்பெனி, உள்ளதையெல்லாம் இடித்துக் கட்ட வேண்டியதில்லை. அடுத்த வேலையை எதில் எழுதுவது என்று மட்டும் யோசித்தால் போதும்.

அந்த யோசனையில், யந்திரம் எத்தனை ஆண்டு நிற்கும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. கைப்பேசிப் புரோகிராம் இரண்டாண்டில் பழசாகிவிடும். மின் நிலையம் முப்பது ஆண்டுக்கு மேல் நிற்கும். அத்தனை காலமும் அந்தப் பாஷையைப் படித்தவர்கள் கிடைப்பார்களா, கம்பைலரைச் செப்பனிட யாராவது இருப்பார்களா என்று பார்த்தாக வேண்டும். உயிருக்கு அபாயமான இடமாயின் ஐ.இ.சி. 61508 என்ற நியமம், மிக உயர்ந்த பாதுகாப்புப் படிகளில், எண் வகைகளைக் கலக்க விடாத கண்டிப்பான பாஷையையும், பாஷையின் அபாயமான மூலைகளை ஒதுக்கிய குறுகிய பகுதியையும் வற்புறுத்திச் சிபாரிசு செய்கிறது; ரஸ்டுக்கும் அந்நியமத்தின்படி தகுதி பெற்ற 'பெரோசீன்' என்ற கம்பைலர் 2023-இல் வந்துவிட்டது. இப்படியெல்லாம் ஆராயாமல், மேலதிகாரி கல்லூரியில் படித்த பாஷை என்பதற்காகவோ, இப்போது எல்லாரும் பேசும் பாஷை என்பதற்காகவோ முடிவு செய்வதை நான் பொறுப்பின்மை என்றே சொல்வேன்.

சியை விட முடியாதவர்களுக்கும் துணைக் கருவிகள் இல்லாமலில்லை. 1988-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பார்ட்டன் மில்லர் என்ற பேராசிரியர், இடியும் மழையுமான இரவில் தொலைபேசி வழியாகக் கல்லூரிக் கம்ப்யூட்டரோடு இணைந்திருந்தபோது, கம்பியின் இரைச்சலால் நுழைந்த எழுத்துக்களை விழுங்கி நல்ல புரோகிராம்களெல்லாம் விழுந்ததைக் கண்டு, வேண்டுமென்றே தாறுமாறான உள்ளீடுகளைக் கொட்டிப் பார்க்கும் சோதனையை உண்டாக்கினார். யூனிக்ஸ் துணைப் புரோகிராம்களில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையில் அதற்குத் தாக்குப்பிடிக்கவில்லை. 'பஸ்ஸிங்' என்ற அந்தச் சோதனை இன்று பெரிய ஸ்தாபனங்களில் இரவும் பகலும் யந்திரமே நடத்தும் நித்தியக் கிரமமாகிவிட்டது.

நம்முடைய பாலிடெக்னிக்குகளிலும் எஞ்சினீயரிங் கல்லூரிகளிலும் பெரும்பாலான மாணவர்கள் இன்னும் சியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அதை மாற்ற வேண்டுமா என்ற வாதம் ஒரு புறம் நடக்கட்டும். நாளைக் காலையிலேயே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. ஆய்வகத்துக் கம்ப்யூட்டர்களில் முன்பே இருக்கும் ஜி.சி.சி. கம்பைலரில், 2013 முதல், 'அட்ரஸ் சானிட்டைசர்' என்ற காவல் வசதி இலவசமாக அடங்கியிருக்கிறது. கம்பைல் செய்யும் கட்டளையில் ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்தால் அது விழித்துக்கொள்ளும். புரோகிராம் ஏறக்குறைய இரு மடங்கு நேரம் எடுத்துக்கொள்ளும். பயிற்சிக் கணக்குகளுக்கு அது ஒரு பொருட்டேயில்லை. பத்து இடமுள்ள வரிசையில் பதினோராவதை எழுதும் மாணவிக்கு, அந்தச் சொல் இல்லாவிட்டால் விடை சரியாகவே வந்து, தான் எழுதியது சரி என்ற எண்ணமும் வளரலாம். அந்தச் சொல் இருந்தால் புரோகிராம் உடனே நின்று, எந்த இடத்துக்கு எத்தனை பைட் தள்ளி எழுதினாய் என்று திரையில் விவரமாகக் காட்டும். முதல் பருவத்து முதல் வகுப்பிலேயே ஆசிரியர் அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் போடலாம்.